கிழங்கு தின்ற வருஷம்: ஜப்பான் பயணக் குறிப்புகள்

முதல் நாள் – உவெனோ

"செர்ரிப் பூ பார்க்கவா?" என்று கேட்காதவர் இல்லை. நவம்பரில் ஏது செர்ரிப் பூ! நான் வந்திருப்பது 1946-ஐப் பார்க்க. வங்கியில் முப்பது வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றதும் சரித்திரப் புத்தகப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. போர்ப் புத்தகங்களில் பெரும்பாலானவை 1945 ஆகஸ்டோடு முடிந்துவிடும். சரணாகதி, கையெழுத்து, சுபம். மறுநாள் காலையில் அந்த ஊரில் உலை வைத்தார்களா, வைத்தால் அதில் என்ன போட்டார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. எனக்கோ அதுதான் வேண்டியிருந்தது.

அக்கா மகள் ஏழு வருஷமாகத் தோக்கியோவில் மென்பொருள் வேலை பார்க்கிறாள். "சித்தி, டிஸ்னிலாண்ட் போகலாமே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அப்புறம் விதியே என்று ஒரு வாரம் லீவு போட்டுவிட்டாள். பேச்சு முழுக்க அவள் பொறுப்பு.

சாயங்காலம் அமெயோகோ கடைத்தெரு. உவெனோவிலிருந்து அடுத்த ஸ்டேஷனான ஒகாசிமாச்சி வரைக்கும் ரயில் பாலத்தை ஒட்டியும் அதன் அடியிலும் நானூறு கடைகள்போல இருக்கும். கருவாடு, செருப்பு, கைக்கடிகாரம், கபாப், ஒரே கூச்சல். போர் முடிந்த கையோடு இங்கே எழும்பியது கள்ளச்சந்தை. வெளிநாட்டிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவர்கள் கிழங்கை வைத்து மிட்டாய் காய்ச்சி விற்றார்கள். சர்க்கரை கண்ணில் படாத காலம், இனிப்பு என்றால் ஜனங்கள் அடித்துக்கொண்டு வாங்கினார்கள். அமெ என்றால் மிட்டாய், யோகோ என்பது யோகோசோ, அதாவது சந்து. இல்லை, அமெரிக்க ராணுவச் சாமான் விற்றதால்தான் அமெ என்பாரும் உண்டு. எனக்கு நம் பர்மா பஜார்தான் ஞாபகம் வந்தது. அதுவும் ஊர் விட்டுத் திரும்பி வந்தவர்கள் போட்ட கடைகள்தானே.

உவெனோ ஸ்டேஷனின் சுரங்க நடைபாதையில் இரண்டு முறை நடந்தேன். குண்டுவீச்சில் பெற்றவர்களைப் பறிகொடுத்த பிள்ளைகள் 1946-இல் வரிசையாகப் படுத்திருந்த இடம் இது. சிகரெட் துண்டு பொறுக்கி மறுபடி சுருட்டி விற்றார்கள், ராணுவத்தாருக்குப் பூட்ஸ் துடைத்தார்கள். 1948-இல் அரசு எடுத்த கணக்கில் நாடு முழுவதும் அநாதைப் பிள்ளைகள் 1,23,500-க்கும் மேல். இன்று அங்கே தரை பளபளக்கிறது. பலகை ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன், என் கண்ணில் படவில்லை.

தங்குமிடம் ஒரு சின்ன விடுதி. நடத்துகிற அம்மாளோடு அவருடைய தாயாரும் இருக்கிறார், 88 வயது. ஒபாசான் என்று கூப்பிடுகிறோம், பாட்டி என்று அர்த்தம். வரும் வழியில் சூப்பர் மார்க்கெட் வாசலில் சூடாகச் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கியிருந்தேன். பாதியைப் பிட்டு அவரிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டே தலை குனிந்து, வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஏதோ சொன்னார். அக்கா மகள் மொழிபெயர்த்தாள்: "ஒரு ஜன்மத்துக்கு உண்டான கிழங்கை ஒன்பது வயசிலேயே தின்னு முடிச்சாச்சாம், சித்தி."

இரண்டாம் நாள் – ஒட்டுப்போட்ட நோட்டு

குதான்ஷிதாவில் ஷோவாகான் என்று ஒரு அருங்காட்சியகம். வெளியே ஜன்னலே தெரியாத சாம்பல் நிறக் கட்டடம். ஆறாம், ஏழாம் மாடிகளில் போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் சாதாரண ஜனங்கள் புழங்கிய சாமான்கள்: ரேஷன் அட்டை, ஒட்டுப்போட்ட துணி, சட்டி பானை. சிப்பாயின் இரும்புத் தொப்பியைத் தட்டிச் சமையல் பாத்திரமாக மாற்றினார்கள் என்று படித்திருக்கிறேன். அதை நேரில் பார்க்கும்போது சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

அரிசி ரேஷன் ஆளுக்கு ஒரு நாளைக்கு இரண்டு கோ ஒரு ஷாகு, ஏறக்குறைய 300 கிராம். பரவாயில்லையே என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. அட்டையில் இருந்தது கைக்கு வந்தால்தானே! பாதி நாள் அரிசிக்குப் பதில் கிழங்கு, சோளம், பீன்ஸ் தூள். வாரக்கணக்கில் எதுவுமே வராத ஊர்களும் உண்டு. 1945-இல் 1910-க்குப் பிறகு வராத மோசமான விளைச்சல். அதுவரை கொரியாவிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்துகொண்டிருந்த அரிசி காலனிகளோடு போயிற்று. பற்றாக்குறைக்கு, வெளிநாடுகளிலிருந்து லட்சக்கணக்கில் ஆட்கள் கப்பல் கப்பலாகத் திரும்பி வந்தார்கள். வாய் கூடியது, அரிசி குறைந்தது.

மதியம் ஜப்பான் வங்கியின் நாணய அருங்காட்சியகம். அனுமதி இலவசம். அக்கா மகள் கொட்டாவி விட்டாள், நானோ ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். விஷயம் இதுதான். 1946 பிப்ரவரி 16, சனிக்கிழமை. விலைவாசி தலைதெறிக்க ஓடுகிறது. அரசு ஓர் அறிவிப்பு விடுகிறது: கையில் இருக்கும் பழைய யென் நோட்டுகள் மார்ச் தொடக்கத்தில் செல்லாது, எல்லாவற்றையும் வங்கியில் போட்டுவிடுங்கள். போட்டால் எடுக்க முடியாது, கணக்கு முடக்கம். குடும்பத் தலைவர் மாதம் 300 யென் எடுக்கலாம், மற்றவர்களுக்குத் தலைக்கு 100. சம்பளத்திலும் 500 யென் வரைக்கும்தான் ரொக்கம்.

புது நோட்டு அச்சடித்துத் தீர்ந்தபாடில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? தபால்தலை மாதிரி ஒரு சின்ன வில்லையை அச்சடித்துப் பழைய நோட்டின் மேலேயே ஒட்டிவிட்டார்கள்! வில்லை இருந்தால் புதுப்பணம், இல்லாவிட்டால் காகிதம். ஒட்டி ஒட்டி எத்தனை காசாளர்களுக்கு நாக்கு வறண்டதோ. 2016 நவம்பரில் கவுன்ட்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவர்கள் என் சொந்தக்காரர்கள்.

இன்னொன்று. அதே 1946 ஜனவரியில் நம் நாட்டிலும் 500, 1,000, 10,000 ரூபாய் நோட்டுகளை வெள்ளைக்கார அரசு செல்லாது என்று அறிவித்தது. தோற்ற நாட்டிலும் செல்லாது, ஜெயித்தவர்களின் காலனியிலும் செல்லாது. ஒரே மாத இடைவெளி. ஆனால் நம் ஊரில் அந்த நோட்டைக் கண்ணால் பார்த்தவர்களே கொஞ்சம் பேர். இங்கே அடி விழுந்தது மளிகைக் காசில்.

மூன்றாம் நாள் – அகழிக்கு அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

ஹிபியாவில் இறங்கினால் ஒரு பக்கம் சக்கரவர்த்தியின் அரண்மனை அகழி, நேர் எதிரே தைஇச்சி ஆயுள் காப்பீட்டுக் கட்டடம். தடித்த தூண்கள் வரிசையாக நிற்கும் அந்தக் கட்டடத்தில்தான் சரணாகதிக்குப் பிறகு அமெரிக்கத் தளபதி மெக்ஆர்தர் உட்கார்ந்து நாட்டை நடத்தினார். இப்போது முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் உயரமாகக் கட்டிவிட்டார்கள். சாலையைக் கடந்தால் அரண்மனை. இவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்கு உணர்த்தவில்லை.

ஜப்பானின் இன்றைய அரசியல் சட்டத்தின் வரைவு 1946 பிப்ரவரியில், சுமார் ஒரே வாரத்தில், இங்கே எழுதப்பட்டது. எழுதியவர்கள் இரண்டு டஜன் அமெரிக்கர்கள். பெண்கள் உரிமைப் பகுதியை எழுதியது பெயாட்டே சிரோட்டா, வயது 22! பியானோ கலைஞரின் மகள், தோக்கியோவில் வளர்ந்தவர், ஜப்பானிய மொழி தெரிந்தவர். ஜீப்பில் ஏறி, இடியாமல் மிச்சமிருந்த நூலகங்களுக்குப் போய் மற்ற நாட்டு அரசியல் சட்டங்களை அள்ளிக்கொண்டு வந்தாராம். 22 வயதில் நான் வங்கித் தேர்வுக்குக் கூட்டல் கணக்கு போட்டுக்கொண்டிருந்தேன். ஏப்ரல் 10-இல் தேர்தல். ஜப்பானியப் பெண்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டார்கள், 39 பெண்கள் ஜெயித்தார்கள்.

இதெல்லாம் பாடப்புத்தகத்தில் வருவதுதான். அரண்மனை முன்னால் இருக்கும் அந்தப் பெரிய சரளைக்கல் திடலில் நடக்கும்போது என் மனசில் ஓடியது மே மாதம். மே 12-இல் செதாகயா பகுதி ஜனங்கள், பெண்களும் பிள்ளைகளுமாக, "அரிசி கொடு" என்று ஊர்வலம் வந்தார்கள். சகாஷிதா வாசல் வழியாக அரண்மனை வளாகத்துக்குள்ளேயே போய், சக்கரவர்த்தியின் சமையலறையைக் காட்டச் சொன்னார்கள். ஒரு வருஷம் முன்புவரை அவர் படத்தைப் பார்த்தாலே தலைகுனிய வேண்டும். இப்போது அடுப்படியைத் திறந்து காட்டு என்கிறார்கள்! ஒரு வாரம் கழித்து, 19-ஆம் தேதி, இதே திடலில் இரண்டரை லட்சம் பேர் கூடினார்கள். உணவு மே தினம் என்று பெயர். ஒருவர் அரச கட்டளை பாணியிலேயே ஒரு பலகை எழுதிக்கொண்டு வந்தார்: நான் வயிறார உண்கிறேன், பிரஜைகளே நீங்கள் பட்டினி கிடந்து சாகுங்கள். அவர் மேல் அரச நிந்தனை வழக்குப் போட்டார்கள். அந்தச் சட்டப்பிரிவே அடுத்த வருஷம் நீக்கப்பட்டுவிட்டது.

மறுநாள் மெக்ஆர்தர் கும்பல் கலாட்டா கூடாது என்று எச்சரித்தார். 24-ஆம் தேதி சக்கரவர்த்தி வானொலியில் பேசினார். சரணாகதிக்குப் பேசிய அதே குரல், இந்தத் தடவை விஷயம் சோறு.

நான் போன நேரம் திடலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். காவலர் ஒருவர் சைக்கிளில் மெதுவாகப் போனார்.

நான்காம் நாள் – இச்சிகயா

இன்று என் புத்தி. இச்சிகயா நினைவு மண்டபம் பாதுகாப்பு அமைச்சக வளாகத்துக்குள் இருக்கிறது. முன்பதிவு செய்து, அடையாளச் சான்றைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்கள். பாஸ்போர்ட்டை விடுதியிலேயே வைத்துவிட்டு வந்து நின்றேன். திரும்ப ஓடி எடுத்து வந்ததில் காலைச் சுற்று போயிற்று. மதியச் சுற்றில் இடம் இருந்தது, பிழைத்தேன். அக்கா மகள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததுதான் வலித்தது.

1946 மே 3-இல் தோக்கியோ விசாரணை, அதாவது ஜப்பானியத் தலைவர்கள் மீதான போர்க்குற்ற விசாரணை, தொடங்கிய அரங்கு இது. 28 பேர் குற்றவாளிக் கூண்டில், 11 நாட்டு நீதிபதிகள். முதல் நாளே ஒகாவா ஷூமெய் என்பவர், முன்வரிசையில் இருந்த போர்க்காலப் பிரதமர் தோஜோவின் வழுக்கைத் தலையில் பின்னாலிருந்து பட்டென்று அடித்தார். மனநோய் என்று அவரை விசாரணையிலிருந்து விலக்கிவிட்டார்கள். தீர்ப்பு வர 1948 நவம்பர் ஆனது, ஏழு பேருக்குத் தூக்கு. நான் எதிர்பார்த்ததைவிடச் சின்ன அரங்கு. பழைய மரத் தரை நடக்கும்போது கிறீச்சிடுகிறது. கட்டடத்தைப் பெயர்த்து, வளாகத்துக்குள்ளேயே வேறு இடத்தில், அளவு குறைத்துத் திரும்ப வைத்திருக்கிறார்களாம்.

மே 3-இல் இங்கே விசாரணை, 19-இல் அங்கே பசி ஊர்வலம். உண்மையில் ஊர் எதைப் பேசியிருக்கும்? "உங்க சின்ன வயசுல வீட்டில இந்த விசாரணையைப் பத்திப் பேசுவாங்களா?" என்று ராத்திரி ஒபாசானிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ரேடியோவில் ஏதோ வரும், அம்மா அதை அணைத்துவிட்டுக் கியூவுக்குப் போய்விடுவார் என்றார்.

இச்சிகயாவிலிருந்து நடக்கிற தூரத்தில், போரில் இறந்தவர்களுக்கான யாசுகுனி கோயில். அங்கே நம் நாட்டு நீதிபதி ராதாபினோத் பாலுக்கு 2005-இல் நினைவுக்கல் வைத்திருக்கிறார்கள். பதினொருவரில் எல்லோரையுமே குற்றமற்றவர் என்று எழுதியவர் அவர் மட்டும்தான். ஜெயித்தவர்கள் பின்னால் சட்டம் செய்து தோற்றவர்களைத் தண்டிக்கக் கூடாது என்பது அவர் வாதம். ஜப்பான் ராணுவம் கொடுமை செய்யவில்லை என்று அவர் சொல்லவில்லை, சான்றுகள் ஏராளம் என்றே எழுதினார். அந்தப் பாதி கல்லுக்கு முன்னால் நிற்பவர்களுக்கு நினைவிருக்குமா? ஜப்பான் ராணுவம் போட்ட சயாம் ரயில் பாதைக்கு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களை நினைத்தபடி நின்றேன். படம் எடுக்கத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஷின்ஜுகு. அங்கேதான் சரணடைந்து ஐந்தே நாளில், ஆகஸ்ட் 20-ஆம் தேதி, "ஒளி ஷின்ஜுகுவிலிருந்து" என்று விளம்பரம் கொடுத்துக் கள்ளச்சந்தை திறந்தார்கள். ஒமோயிதே யோகோசோ சந்தில் இன்னும் குடல், ஈரல் சுட்டு விற்கும் கடைகள். இறைச்சிக்குக் கட்டுப்பாடு இருந்தது, குடலுக்கு இல்லை. அதனால் வந்த பழக்கம். நான் சைவம், புகையை மட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

ஐந்தாம் நாள் – கவாகோயே

இகெபுகுரோவிலிருந்து அரை மணி நேர ரயில். கறுப்புச் சுவர் வைத்த பழைய கிடங்கு வீடுகள், மர மணிக்கூண்டு, கிமோனோ வாடகைக்கு எடுத்துக்கொண்டு நடக்கும் பெண்கள். ஊர் முழுக்கக் கிழங்கு மயம்: கிழங்கு ஐஸ்கிரீம், கிழங்கு வறுவல், கிழங்கு பீர்கூட. ராணுவப் பிரபுக்கள் ஆண்ட எடோ காலத்திலிருந்தே இது பேர்போன கிழங்கு ஊர். தோக்கியோவிலிருந்து 13 ரி (ரி என்பது பழைய தூரக் கணக்கு) என்பதால் "கஷ்கொட்டையைவிட ருசியான பதின்மூன்று ரி" என்று ஒரு சிலேடை. கஷ்கொட்டைக்குப் பெயர் குரி, அதில் ஒன்பது ரி ஒளிந்திருக்கிறது. "விட" என்பதற்கு யோரி, அதில் நாலு ரி. ஒன்பதும் நாலும் பதின்மூன்று. காளமேகப் புலவருக்குப் பிடித்திருக்கும்.

1946-இல் தோக்கியோக்காரர்கள் இந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கெல்லாம் வந்தார்கள். உணவு தேடிப் போகும் இந்தப் பயணத்துக்குக் கைதாஷி என்று பெயர். ரயிலில் உள்ளே இடம் இல்லாமல் ஜன்னலில், இரண்டு பெட்டிகளுக்கு நடுவில், கூரையில் தொற்றிக்கொண்டு வந்தார்கள். விவசாயிக்கு ஒட்டுப்போட்ட நோட்டு வேண்டாம், துணி வேண்டும். கிமோனோ போகும், கிழங்கு வரும். மூங்கில் குருத்தை ஒவ்வொரு மடலாக உரிக்கிற மாதிரி உடுப்பை ஒவ்வொன்றாக உரித்து விற்றுத் தின்றதால் அதற்குத் தகெனோகோ வாழ்க்கை என்று பெயர் வைத்தார்கள். தகெனோகோ என்றால் மூங்கில் குருத்து. திரும்பும்போது ஸ்டேஷனில் போலீஸ் நின்று மூட்டையைப் பிடுங்கும். ரேஷனைத் தாண்டி வாங்கியது சட்டவிரோதம்தானே.

அந்தக் கிழங்கும் இன்று நாம் ருசிக்கிற கிழங்கு இல்லை. ஒகினாவா 100 என்று ஒரு ரகம். மண்ணுக்குள் கனமாக விளையும், வாயில் வைத்தால் சொதசொதவென்று தண்ணீர். ஒரு தலைமுறையே கிழங்கை வெறுத்ததில் பாதிப் பாவம் அந்த ரகத்தைச் சேரும்.

திரும்பும்போது வந்த வழியே வராமல் கொமகாவா சுற்றி வந்தோம், நான்தான் பிடிவாதம் பிடித்தேன். கொமகாவாவுக்கும் ஹிகாஷி ஹன்னோவுக்கும் நடுவில் ஒரு வளைவு. 1947 பிப்ரவரி 25-ஆம் தேதி, உணவு வாங்கப் போனவர்களால் நிரம்பி வழிந்த ஒரு ரயில் இறக்கத்தில் வேகம் பிடித்து இங்கே கவிழ்ந்தது. மரப் பெட்டிகள், தீக்குச்சி மாதிரி நொறுங்கிவிட்டன. 184 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் மரப் பெட்டிகளை இரும்புக்கு மாற்றும் வேலை வேகம் பிடித்தது. இன்று நான்கு பெட்டி ரயில், எங்கள் பெட்டியில் ஏழெட்டுப் பேர், பாதிப் பேர் தூக்கம். வளைவு வந்ததா என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. வெளியே வீடுகள், ஒரு சின்னத் தோட்டம், முட்டைக்கோஸ்.

ராத்திரி ஒபாசானிடம் எங்கே போனோம் என்று சொன்னேன். வறுவல் பாக்கெட்டை நீட்டவில்லை, பாடம் கற்றாயிற்று. அவரே கேட்டார், எந்தப் பக்கம் என்று. அப்புறம் சொன்னார். அம்மாவிடம் ஊதா நிறத்தில் ஒரு கிமோனோ இருந்ததாம், கல்யாணத்தில் வந்தது. சைதாமாவில் ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு ஒரு முதுகுமூட்டைக் கிழங்கு வாங்கி வந்தார்கள். அந்த வீட்டுப் பெண் அங்கேயே அதை மேலே போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டாள். அம்மா, நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அதைச் சொல்லும்போது ஒபாசான் அம்மா குரலிலேயே சொன்னார் என்று அக்கா மகள் அப்புறம் தனியாகச் சொன்னாள்.

ஆறாம் நாள் – மைஸுரு

பெயரைக் கேட்டாலே நம் மைசூரு மாதிரி இருக்கிறது. ஆனால் இது ஜப்பான் கடல் ஓரத்துத் துறைமுகம். கியோத்தோ வரை புல்லட் ரயில், அங்கிருந்து ஒன்றரை மணிக்கு மேல் எக்ஸ்பிரஸ், அப்புறம் பஸ். மழை.

போர் முடிந்தபோது வெளிநாடுகளில் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜப்பானியர், பாதி சிப்பாய்கள், பாதி குடியேறியவர்கள். 1946 முடிவதற்குள் 50 லட்சம் பேரைக் கொண்டுவந்துவிட்டார்கள். மைஸுருவில் முதல் கப்பல் 1945 அக்டோபரில் வந்தது, கடைசிக் கப்பல் 1958-இல். மொத்தம் சுமார் 6,60,000 பேர் இங்கே இறங்கினார்கள். இறங்கியதும் உடம்பெல்லாம் டிடிடி பூச்சிமருந்துத் தூள். குடியேறியவர்கள் கையோடு கொண்டுவர அனுமதித்த பணம் ஆளுக்கு 1,000 யென். ஜப்பான் பிடித்து வைத்திருந்த சீனாவின் மஞ்சூரியாவில் நிலம், வீடு, கடை எல்லாம் வைத்திருந்தவருக்கும் அதே 1,000. அந்த நிலம் யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே கப்பலில் வந்திருக்கும்.

ஜப்பானியச் சிப்பாய்களைச் சோவியத் அடைத்து வைத்திருந்த சைபீரிய முகாம்களிலிருந்து கப்பல் வரத் தொடங்கியது 1946 டிசம்பரில். அருங்காட்சியகத்தில் ஒரு கைதியின் நாட்குறிப்பு இருக்கிறது. காகிதம் இல்லை, பிர்ச் மரப் பட்டை. மை இல்லை, புகைக்கரி. எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி, வரிசை கோணாமல். நானும் நாள்தோறும் எழுதுகிறவள்தான். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று முந்தாநாள் எழுதாமல் விட்டேன், அதையும் நேற்றுதான் சேர்த்துப் போட்டேன்.

வழிகாட்டிய தொண்டர் ஒரு பெரியவர். கப்பல் வந்தால் ஊர்ப் பெண்கள் தேநீரும் அவித்த கிழங்கும் எடுத்துக்கொண்டு துறைக்குப் போவார்கள் என்றார். அவருடைய அம்மாவும் போனாராம். ஊரிலேயே கிழங்குக்குத் தட்டுப்பாடு இருந்த சமயம் இல்லையா என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார்.

துறையைப் பழையபடி மரத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். கடல் ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. பஸ்ஸுக்கு இன்னும் நாற்பது நிமிஷம். கூரைக்கு அடியில் உட்கார்ந்தோம். அக்கா மகள் பையைக் கிளறி கவாகோயே வறுவலை எடுத்தாள். "பிரிக்கவா, சித்தி?" என்றாள். பிரி என்றேன்.